கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம்

(மல்வேர்னில் புதிதாக வந்தோருக்கான மாலைச் சந்திப்பில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடை இயன்றவரை அப்படியே தரப்படுகிறது.)



போன முறை இந்த இடத்தில் நின்று பேசிய சட்டத்தரணி பி.ஓ.சி. படிவம் நிரப்புவது பற்றிச் சொன்னார். அதற்கு முந்தின முறை வேலை அனுமதிப் பத்திரம் பற்றிப் பேசினார்கள். இண்டைக்கு நான் பேசப்போறது மீனும் கிளியும் விற்கிற கடையைப் பற்றி. சிரிக்கிறியள். பரவாயில்லை, சிரியுங்கோ. இந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கனநாள்.

படிவம் நிரப்பிக் கொடுத்தாச்சு, கைரேகை எடுத்தாச்சு, மருத்துவப் பரிசோதனை முடிஞ்சுது. இனி விசாரணைத் திகதி வர வேணும். அது வருமட்டும் ஒவ்வொரு நாளும் விடியுது, ஒவ்வொரு நாளும் இருட்டுது. அந்த நாட்களை என்ன செய்யிறது என்று எந்தப் படிவத்திலும் எழுதியிருக்காது. எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. நான் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒரு வழியைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் 1999 மார்கழியில் வந்தனான். நீல்சன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்ற், ஐந்து பேர். நாலு பேருக்கு வேலை இருந்தது. இரவு வேலைக்குப் போய்ப் பகலில் படுப்பார்கள். எனக்கு வேலை அனுமதி வரவில்லை. பகலில் வீட்டுக்குள் நடந்தால் அவர்களின் நித்திரை குழம்பும், அதனால் வெளியில் போக வேண்டும். வெளியில் போனால் குளிர். ஆகவே பஸ் ஏறி மோலுக்குப் போவேன். மோலுக்குள் ஒரு வாங்கிலில் இருந்தால் செக்கியூரிற்றிக்காரன் இரண்டு தரம் பார்த்துக்கொண்டு போவான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் எங்கட மனம் சீருடையைக் கண்டால் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். எழும்பி நடந்து, கண்ணில் பட்ட கடைக்குள் போனேன். அது ஒரு பெற் ஸ்ரோர். செல்லப்பிராணிக் கடை.

அந்தக் காலத்தில் இங்கே கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நாய்க்குட்டிகளை வைத்து விற்பார்கள். மண்ணிறத்தில் ஒரு குட்டி, ஒரு காது மட்டும் மடிந்து தொங்கினது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றனான்.

எங்கட வீட்டில் ரைகர் என்று ஒரு நாய் இருந்தது. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவு, நாங்கள் கோண்டாவிலில் இருந்து இரண்டு சைக்கிளும் அம்மாவுமாக வெளிக்கிட்டோம். மழை. ரைகர் பின்னாலேயே வந்தது. செம்மணி வெளி வரைக்கும் கண்டனாங்கள். அதற்குப் பிறகு அந்தச் சனத்துக்குள் எந்த இடத்தில் தவறினது என்று தெரியாது. திரும்பிப் போய்த் தேடுகிற நிலைமையும் இல்லை.

நான் பி.ஐ.எஃப். எழுதின ஆள். இப்ப நீங்கள் எழுதுகிற பி.ஓ.சி.க்கு முந்தி இருந்த படிவம் அது. அதில் எல்லாம் எழுதினேன். யாரைப் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்த முகாம், எல்லாம் திகதி திகதியாக. ரைகர் அதில் இல்லை. ஒரு நாயைப் பற்றி எழுதினால் கதையைக் குறைத்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். அந்தக் கடையில்தான், நாலு வருசத்துக்குப் பிறகு, நின்ற நிலையில் அழுதனான்.

கடையில் வேலை செய்த பெண்பிள்ளை வந்தா. எனக்கு உடனே பயம், வெளியில் போகச் சொல்லப்போறா என்று. "டூ யூ வோண்ட் ரு ஹோல்ட் ஹிம்?" என்று கேட்டா. எனக்கு விளங்கினது "யூ வோண்ட்" மட்டும்தான். "நோ மணி, நோ மணி" என்றேன். அவ சிரித்துப்போட்டுக் குட்டியைத் தூக்கி என்ர கையில் தந்தா. அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு செவ்வாயும் வியாழனும் அந்தக் கடைக்குப் போவது எனக்கு ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளும் சவரம் செய்துகொண்டு போவேன். விசாரணைக்கு முதல் நாள் பின்னேரமும் அங்கேதான், கடை பூட்டுமட்டும் தங்கமீனைப் பார்த்துக்கொண்டு நின்றனான்.

அந்தக் கடை இப்போது இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நாய்க்குட்டி விற்கிறதும் இல்லை. 2011 புரட்டாதியில் ரொறன்ரோ நகரசபை ஒரு தீர்மானம் எடுத்தது. கடைகள் நாய், பூனையை வளர்த்து விற்பவர்களிடம் வாங்கி விற்கக் கூடாது, காப்பகங்களில் இருந்து வருகிறவற்றை மட்டும் கொடுக்கலாம் என்று. தாய் நாய்களைக் கூண்டில் அடைத்து வருசம் முழுக்கக் குட்டி போட வைக்கிற இடங்கள் இருந்தன, அவற்றில் இருந்துதான் பல கடைகளுக்குக் குட்டி வந்தது. என்னைத் தேற்றின அந்த ஒற்றைக் காதுக் குட்டியும் அப்படி ஒரு இடத்தில் இருந்து வந்திருக்கலாம். எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி இல்லாதது கவலைதான், ஆனாலும் சட்டம் சரி. இப்போது சில பெரிய கடைகளில் காப்பகத்துப் பூனைகள் தத்தெடுக்க ஆள் வருமட்டும் ஒரு மூலையில் இருக்கும். அவற்றைப் பார்க்கலாம்.

நாய் இல்லாவிட்டால் பிறகு என்ன இருக்கு என்று கேட்பியள். போய்ப் பாருங்கோ. நான் இருபத்தைந்து வருசமாகப் போறன், இன்னும் அலுக்கவில்லை.

முதலில் மீன். நான் போகிற கடைகளில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சின்ன மட்டை ஒட்டியிருக்கும். பெயர், விலை, சில இடங்களில் எவ்வளவு பெரிதாக வளரும், என்ன தின்னும் என்பதும் இருக்கும். ஆங்கிலம் வாசித்துப் பழக அதைவிட நல்ல புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. எழுத்துக்குப் பக்கத்திலேயே பொருள் நீந்திக்கொண்டிருக்கும். (லிங்க் ஆங்கில வகுப்புக்குக் கோரிக்கையாளர்கள் போக முடியாது என்று சொல்லி உங்களைத் திருப்பியிருப்பார்கள். பள்ளிக்கூடச் சபை நடத்துகிற, மாகாண அரசின் காசில் நடக்கிற இ.எஸ்.எல். வகுப்புக்கு நீங்கள் போகலாம். சந்திப்பு முடிய என்னிடம் கேளுங்கோ.)

"செரி பார்ப்" என்று ஒரு மீன் இருக்கும். சுண்டுவிரல் நீளமும் வராது. ஆண் மீன் நல்ல சிவப்பு. அது இலங்கை மீன். தென்மேற்குப் பக்கத்து ஈரவலய ஓடைகளில் மட்டுந்தான் இயற்கையாக வாழுவது. இங்கே விற்கிறது பண்ணைகளில் பிறந்த வழித்தோன்றல்கள்தான், ஆனாலும் சொந்த ஊர் இலங்கை. "பிளாக் ரூபி பார்ப்" என்பதும் அப்படித்தான். முதல் தரம் அதைக் கேள்விப்பட்டபோது நான் கடைக்காரப் பெண்ணிடம் "சேம் கண்ட்ரி, சேம் கண்ட்ரி" என்று என்னையும் மீனையும் மாறி மாறிக் காட்டினேன்.

கப்பியைத் தெரியாத ஆள் இங்கே இருக்க முடியாது. நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணத்துக்குள்ளும் தொட்டிக்குள்ளும் விடுகிற அதே மீன்தான். இங்கே வால் பெருத்து, நீலமும் மஞ்சளுமாக, காசு கொடுத்து வாங்குகிற சாமானாக இருக்கும். அதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் வடகரையும் ரினிடாட் தீவும். கப்பி என்பது அங்கே வாழ்ந்த ஒரு மனுசன்ர பெயர்.

கிளிக் கூண்டுக்குப் போனால் "இந்தியன் ரிங்நெக்" என்று எழுதியிருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கோ, எங்கட பச்சைக்கிளி! கழுத்தில் ஆரம் போட்ட, கொவ்வைப்பழம் தின்ன வருகிற அதே கிளி. இங்கே நீலத்திலும் மஞ்சளிலும் கூட வளர்த்து எடுத்திருக்கிறார்கள். ஒன்றின் விலை நூற்றுக்கணக்கான டொலர். ஊரில் நெல்லுக்கு வருகிற கிளியைக் கலைக்கத் தகரம் தட்டின நான் அந்த விலையைப் பார்த்து வாய் பிளந்து நின்றனான். பிறகு, ஊரில் நாங்கள் "லவ்பேட்ஸ்" என்று கூண்டில் வைத்தவை உண்மையில் லவ்பேட்ஸ் இல்லை. அவை "பஜி", அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தவை. லவ்பேட் என்பது வேறு, அது ஆபிரிக்கப் பறவை. இந்தத் தகவல் உங்கட வழக்குக்கு உதவாது, ஆனால் பிள்ளையளுக்குச் சொல்லலாம்.

ஹாம்ஸ்ரர் என்று எலியை விடக் கொஞ்சம் குண்டான ஒரு பிராணி, இரண்டு கன்னத்திலும் சாப்பாட்டை அடக்கி வைத்துக்கொண்டு ஓடும். அதில் தங்க நிற இனம் சிரியாவில் இருந்து வந்தது. 1930 இல் அஹரோனி என்ற ஒரு விலங்கியல் ஆராய்ச்சியாளர் அலெப்போ நகரத்துக்குக் கிட்ட நிலத்தைத் தோண்டி, ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்து ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார். தாய் செத்தது, குட்டிகளில் பல தப்பியோடியும் இறந்தும் போயின. மிஞ்சினவற்றின் சந்ததிதான் உலகமெல்லாம் பரவியிருக்கிற அநேகமான தங்க ஹாம்ஸ்ரர்கள். கினிப்பன்றி பெரு நாட்டுப் பக்கத்து மலைகளில் இருந்து வந்தது, அங்கே இன்றைக்கும் அதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தங்கமீன் சீனா. சண்டைமீன் தாய்லாந்து. கடை முழுக்கத் தேடினாலும் கனடாவில் பூர்வீகமான ஒரு சீவன் கிடைப்பது கஷ்டம். போன வருசம் என்னோடு கடைக்கு வந்த ஒரு தம்பி சொன்னார், "அண்ணை, இவையெல்லாம் எப்பிடி எங்களுக்கு முன்னம் பேப்பர் எடுத்தவை?" என்று.

இப்போது சில நடைமுறைகள்.

கடைக்குள் போகக் காசு வேண்டாம். வாங்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. யாராவது "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்று கேட்டால் பயப்படாமல் "ஜஸ்ற் லுக்கிங், தாங்க் யூ" என்று சொல்லுங்கோ. அது உங்களைத் துரத்துகிற கேள்வி இல்லை, இங்கே எல்லாரிடமும் கேட்பது. கொஞ்சம் பழகினால், நீங்களே "வட் டஸ் இற் ஈற்?" என்று கேளுங்கோ. கிழமை நாளில் முற்பகல் போனால் கடை வெறுமையாக இருக்கும், வேலை செய்கிறவர்களுக்குக் கதைக்க நேரமும் இருக்கும். மிருகங்களோடு வேலைக்கு வருகிறவர்கள் அநேகமாகக் கதைக்க விருப்பமான ஆட்கள். உங்கட ஆங்கிலம் பிழையா என்று பார்க்க மாட்டார்கள், பாம்பு என்ன தின்னும் என்பதைச் சொல்லி முடிக்கத்தான் பார்ப்பார்கள்.

கண்ணாடியில் தட்டக் கூடாது. தண்ணிக்குள் அந்தச் சத்தம் மீனை வெருட்டும். கூண்டுக்குள் விரல் விடக் கூடாது, கேட்டுத்தான் தொட வேண்டும். தொட்டால் வெளியில் வரும்போது சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கோ. முக்கியமாக ஆமை, பல்லி, பாம்பு. அவற்றின் தோலில் சல்மொனெல்லா கிருமி இருக்கக் கூடும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையளைத் தொட விடாதேங்கோ. சில கடைகளுக்கு ஆட்கள் தங்கட நாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். விசர்நாய்ப் பயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள், ஓடத்தான் மனம் சொல்லும். ஓடினால் அது பின்னால் வரும். நின்று, ஒரு பக்கமாக விலகி, வழி விடுங்கோ. தடவ விருப்பம் என்றால் சொந்தக்காரரிடம் முதலில் கேளுங்கோ.

போன மாரியில் ஒரு தாயும் ஏழு வயது மகனும் எங்களிடம் வந்தார்கள். ஊர், பேர் சொல்லவில்லை. பெடியன் வந்த நாள் தொடக்கம் வீட்டுக்கு வெளியில் ஆரோடும் கதைக்கிறேல்லை. பள்ளிக்கூடத்தில் கவலைப்படுகிறார்கள் என்று தாய் சொன்னா. நான் வைத்தியர் இல்லை. ஒரு சனிக்கிழமை அவர்களை ஒரு மீன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெடியன் சண்டைமீன் தட்டுக்கு முன்னால் போய் நின்றான். உங்களில் கண்டவர்களுக்குத் தெரியும், ஆண் சண்டைமீனை இன்னொன்றோடு விட்டால் கடித்துக் கிழிக்கும், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னக் கிண்ணத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நெடுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, இவையை எப்ப விடுவினம்?" என்று கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இங்கே வந்து இறங்கினபோது அவர்களை எத்தனை நாள் மறித்து வைத்திருந்தார்கள் என்று தாய் எனக்குச் சொல்லியிருந்தா. பொய் சொல்லிச் சமாளிக்கவும் மனம் வரவில்லை. "ஆராவது வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் பெரிய தொட்டியில விடுவினம். சிலதை வாங்கக் கனநாள் செல்லும்" என்றேன். அவன் ஒவ்வொரு கிண்ணமாக எண்ணினான், இருபத்தொன்று. அடுத்த சனியும் போனோம். பத்தொன்பது. "ரெண்டு போயிட்டுது" என்று கடைக்காரரிடம் தமிழில் சொன்னான், சத்தமாக. அவருக்கு விளங்கவில்லை, நான் மொழிபெயர்த்தேன். பெடியனை இப்போது ஒரு வைத்தியரும் பார்க்கிறார், அதையும் சொல்ல வேண்டும். நித்திரை இல்லை, பிள்ளை கதைக்கவில்லை என்றால் மீன் கடையோடு நிற்காதேங்கோ, எங்களிடம் சொல்லுங்கோ. உரிய இடத்துக்கு அனுப்பலாம்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. ஒரு அண்ணர் என்னோடு வந்து, கூண்டுகளைக் கண்ட உடனே வெளியில் போய் வாசலில் நின்றுவிட்டார். உள்ளுக்கு இருந்த ஆள் அவர், நான் யோசித்திருக்க வேண்டும். அவரை ரிவர்டேல் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டவுன்ரவுனுக்குக் கிட்ட, 1978 இல் திறந்த நகரசபைப் பண்ணை, நுழைவு இலவசம். பழைய மிருகக்காட்சிச்சாலை இருந்த இடம். அங்கே மாடு, ஆடு, கோழி எல்லாம் இருக்கும். அவர் மாட்டுக்குப் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துவிட்டு, "சாணி மணக்குது" என்றார், ஏதோ மல்லிகைப்பூ மணக்குது என்கிற மாதிரி.

மல்வேர்னுக்குப் பக்கத்திலேயே பெரிய ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது, 1974 இல் திறந்தது, 287 ஹெக்ரயர். அதற்கு ரிக்கெற் வேண்டும், குடும்பமாகப் போக விலை கூட. மல்வேர்ன் நூலகத்தில் இலவச அனுமதிச் சீட்டு ஏதும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கோ. கேட்கக் காசில்லை. ஆனால் யானை பார்க்கிற ஆசையில் போகாதேங்கோ. இருந்த மூன்று யானைகளையும் 2013 இல் கலிபோர்னியாவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாங்குவது பற்றி. பிள்ளை அழும், உங்களுக்கும் ஆசை வரும். நான் சொல்லுறன், இப்ப வேண்டாம். மீன் சில டொலர்தான். தொட்டி, ஹீற்றர், பில்ரர், தண்ணிக்கு ஊற்றுகிற மருந்து எல்லாம் சேர நூறு டொலரைத் தாண்டிப் போகும். கைச்செலவுக் காசில் அது முடியாது. ஷெல்ரரில் இருக்கிறவர்களும், இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் அறை மாறுகிறவர்களும் உயிருள்ள ஒன்றை எங்கே கொண்டு திரிவது? நான் ஒருக்கால் கொண்டு திரிந்தனான். கப்பி ஆறு, ஒரு ஊறுகாய்ப் போத்தலில், மாசி மாதத்தில், பஸ்ஸில். மேலே சொல்ல வேண்டாம்.

நிலையாக ஒரு வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு சட்ட விசயம். ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு வதிவிட வாடகைச் சட்டம், 14 ஆம் பிரிவின்படி, "பிராணி வளர்க்கக் கூடாது" என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. அதைக் காட்டி மட்டும் உங்களை வெளியேற்ற முடியாது. சத்தம், சேதம், ஆபத்து, ஒவ்வாமை என்று உண்மையான பிரச்சினை இருந்தால் வீட்டுக்காரர் சபைக்குப் போகலாம். ஆனால் கவனம்! வீட்டுக்காரரோடு, அல்லது அவரின் பெற்றார் பிள்ளைகளோடு, குசினியையோ குளியலறையையோ பங்கிட்டு இருக்கிறவர்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. எங்கட ஆட்களில் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். கொண்டோவுக்கும் தனி விதி இருக்கலாம். நாய், பூனை என்றால் நகரசபை லைசன்ஸ் வேறு எடுக்க வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் ரூஜ் ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதேங்கோ. புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். சட்டப்படி அது குற்றம், தங்கமீன் குளத்தில் பெருகி அங்கே இருக்கிற மீன்களை இல்லாமல் செய்துவிடும். வாங்கின கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கோ, அல்லது 311 க்கு எடுத்து விசாரியுங்கோ. முற்றத்துக்கு வருகிற ரக்கூனுக்கும் அணிலுக்கும் சோறு வைக்கிற பழக்கத்தையும் விடுங்கோ. 2023 சித்திரையில் இருந்து காட்டு மிருகங்களுக்குத் தீனி போடுவதை நகரசபை தடுத்திருக்கிறது. இங்கத்தைய அணிலுக்கு முதுகில் மூன்று கோடு இல்லை என்று எல்லாரும் முதல் கிழமையிலேயே கவனித்திருப்பியள். ராமர் இந்தப் பக்கம் வரவில்லைப் போல.

வாற சனிக்கிழமை மீன் கடைக்குப் போறம். பத்து மணிக்கு மல்வேர்ன் நூலக வாசலில் நில்லுங்கோ. ரி.ரி.சி. காசு இல்லாதவர்கள் இண்டைக்கே எனக்குச் சொல்லுங்கோ, நாங்கள் தருவோம். கையுறை கொண்டு வாங்கோ, பஸ் தரிப்பில் காற்று அடிக்கும். அந்தப் பெடியனும் வாறான். இப்ப எத்தனை கிண்ணம் மிச்சம் என்று எண்ண வேணுமாம்.